முதல் எலெக்ட்ரிக் கிட்டார் கட்டுமானம்: ட்ரெமொலோவா, நிலையான பிரிட்ஜா?

தென்கடல் எழுதியது:

வணக்கம். தூத்துக்குடியில், வீட்டு மாடியில் வைத்து என் முதல் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கட்டி வருகிறேன். நெக் கடையில் வாங்கியது. மேப்பிள் மரம், 22 ஃப்ரெட், 648 மில்லிமீட்டர் ஸ்கேல் (அதிரும் தந்தியின் நீளம்), நான்கு திருகுகளால் உடலோடு பிணைக்கும் வகை. உடலுக்கு மலைவேம்புப் பலகைகள் இரண்டை ஒட்டி, 45 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்து, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவில் விளிம்பை அறுத்து முடித்திருக்கிறேன். நெக் பொருந்தும் பள்ளத்தையும் பிக்கப் குழிகளையும் இனிமேல்தான் ரூட்டரால் குடைய வேண்டும். உடலின்மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் எது என்பதை அதற்கு முன் முடிவு செய்தாக வேண்டும். குடைந்த பிறகு மனம் மாறினால் அந்த உடலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

நான் ஒரு மெல்லிசைக் குழுவில் திரைப்பாடல்களுக்கு வாசிக்கிறேன். பாடுபவரின் குரலுக்கு ஏற்ப, தந்திகளை அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிவைக்க வேண்டிய நாட்கள் உண்டு. வீட்டில் கர்நாடக இசைக் கீர்த்தனைகளைக் கிட்டாரில் வாசித்துப் பழகுகிறேன். நான்காம் தந்தியைத் திறந்தபடி சட்ஜமாக மீட்டிக்கொண்டே, மூன்றாம், இரண்டாம் தந்திகளை இழுத்துக் கமகம் பிடிப்பது என் வழக்கம். அதற்கு இழுவை இலேசாக இருக்க வேண்டும் என்பதால் 9-42 தந்திகளைப் (முதல் தந்தி 0.009 அங்குலக் கனம், ஆறாவது 0.042) போடுகிறேன். அதே வேளையில், மெதுவான பாடல்களில் நீண்ட சுவரம் ஒன்று அடங்கும்போது, பிரிட்ஜை அசைத்துச் சுருதியை மாற்றும் நெம்புகோலான ட்ரெமொலோக் கையைத் தொட்டு எழுப்பும் அசைவும் எனக்கு மிகவும் பிடித்தது. அதை விட்டுவிட மனம் வரவில்லை.

கேட்ட இடங்களில் எல்லாம் வெவ்வேறு பதில் கிடைக்கிறது. ட்ரெமொலோ வைத்தால் சுருதி நிற்காது என்கிறார் ஒருவர். நிலையான பிரிட்ஜில்தான் ஒலி நீண்டு நிற்கும் என்கிறார் இன்னொருவர். எதற்கு வம்பு, தந்தியை இரு முனையிலும் பூட்டிவிடும் ஃபிளாய்ட் ரோஸ் வாங்கிப் போடு, எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும் என்கிறார் மூன்றாமவர். என்னிடம் கையில் பிடித்து ஓட்டும் ரூட்டர் ஒன்று இருக்கிறது. நின்ற நிலையில் துளையிடும் டிரில் பிரஸ்ஸை நண்பரின் பட்டறையில் பயன்படுத்திக்கொள்ளலாம். என் வாசிப்புக்கும் என்னிடம் உள்ள கருவிகளுக்கும் எது பொருந்தும் என்பதைக் காரணத்தோடு சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பட்டறைக்காரன் எழுதியது:

தம்பி, நான்காம் தந்தியைச் சட்ஜமாக ஒலிக்க விட்டு மற்றத் தந்திகளை இழுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வழக்கத்துக்காகவே நான் உங்களுக்கு நிலையான பிரிட்ஜைப் பரிந்துரைப்பேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

9-42 தந்திகளை 648 மில்லிமீட்டர் ஸ்கேலில் வழக்கமான சுருதிக்கு ஏற்றினால், ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 38 கிலோ விசையோடு பிரிட்ஜை முன்னோக்கி இழுக்கின்றன. 10-46 போட்டால் இது 47 கிலோவை எட்டும். நிலையான பிரிட்ஜில் அந்த விசையை மரமும் திருகும் தாங்கிக்கொள்கின்றன, பிரிட்ஜ் அசைவதில்லை. மிதக்கும் ட்ரெமொலோவிலோ, தந்திகள் முன்னால் இழுக்க, உடலின் பின்பக்கக் குழியிலுள்ள ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்க, இரண்டும் சமமாகும் இடத்தில் பிரிட்ஜ் நிற்கிறது. இழுவிசைகளில் எது மாறினாலும் பிரிட்ஜ் சாய்ந்து வேறோர் இடத்தில் போய் நிற்கும். கையை அழுத்தினால் சுருதி இறங்குவது இதனால்தான். கையைத் தொடாதபோதும் சுருதி விலகுவது இதே காரணத்தால்தான்.

ஒரு தந்தியை இரண்டு ஃப்ரெட் அளவுக்கு இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தந்தியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே சுருதி இரண்டு ஃப்ரெட் ஏற, அந்தத் தந்தியின் இழுவிசை ஏறத்தாழ 26 விழுக்காடு கூட வேண்டும். இந்தக் கூடுதல் இழுவைக்கு மிதக்கும் பிரிட்ஜ் முன்னோக்கிச் சாய்ந்துகொடுக்கிறது. அது சாய்ந்ததும் மற்ற ஐந்து தந்திகளும் தளர்ந்து இறங்குகின்றன. இழுக்கும் தந்தியும் ஓரளவு தளர்வதால், அதே சுவரத்தை எட்ட விரல் இன்னும் அதிகமாக இழுக்க வேண்டியிருக்கும். மேற்கத்திய ராக் வாசிப்பில் பெரும்பாலும் ஒரு தந்தியை மட்டும் ஒலிக்கவிட்டு மற்றவற்றை உள்ளங்கையால் அடக்கிவிடுவதால் இந்த இறக்கம் காதில் விழுவதில்லை. கீழே ஒரு தந்தியை நிலையாக ஒலிக்கவிட்டு மேலே இழுத்து வாசிக்கும் கன்ட்ரி இசைக் கலைஞர்கள் நிலையான பிரிட்ஜ் கொண்ட டெலிகாஸ்டரை இவ்வளவு விரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் நிலையோ இன்னும் நுணுக்கமானது. வீணையில் வாசிக்கும் தந்தி நான்கு, பக்கத்தில் தாளத் தந்தி மூன்று. வாசிக்கும் தந்தியை ஒரே மெட்டில் (ஃப்ரெட்டில்) மூன்று, நான்கு சுவரம் வரை இழுத்தாலும் தாளத் தந்திகளின் சுருதி அசைவதில்லை. வீணையின் பிரிட்ஜான குதிரை அசையாதது என்பதால்தான் அது முடிகிறது. மிதக்கும் ட்ரெமொலோவில் நீங்கள் காந்தாரத்தைப் பிடித்து மத்திமத்தைத் தொட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் கீழே ஒலிக்கும் சட்ஜமும் கூடவே இறங்கி ஏறும். காது சட்ஜத்தை நம்பித்தான் காந்தாரத்தை நிறுத்துகிறது. ஆதாரமே ஆடினால் எவ்வளவு பயிற்சி இருந்தாலும் சுவரம் சுத்தமாக நிற்காது.

நம்புவதற்கு முன் நீங்களே சோதித்துப் பாருங்கள். மிதக்கும் ட்ரெமொலோ உள்ள கிட்டார் ஒன்றை நண்பரிடம் வாங்கி, சுருதி காட்டும் ட்யூனர் கருவியை இணைத்து, திறந்த நான்காம் தந்தியை மீட்டுங்கள். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் விரல் வைத்து, அதை மீட்டாமல், இரண்டு ஃப்ரெட் அளவுக்கு இழுங்கள். ட்யூனரின் முள் இடப்பக்கம் சரிவதைக் கண்ணால் காண்பீர்கள்.

பாடுபவருக்காகச் சுருதியை மாற்றுவதிலும் இதே தொல்லைதான். எல்லாத் தந்திகளையும் ஒரு கட்டை இறக்கினால் மொத்த இழுவிசை குறையும். ஸ்பிரிங்குகள் மேலோங்கி பிரிட்ஜைப் பின்னால் சாய்த்துவிடும். முதலில் இறக்கிய தந்தி, ஆறாவதை இறக்கி முடிக்கும்போது ஏறியிருக்கும். மூன்று, நான்கு சுற்று வந்து, பின்பக்கம் ஸ்பிரிங் கொக்கியின் திருகையும் தளர்த்தினால்தான் பழைய உயரம் திரும்பும். மேடையில் ஒரு தந்தி அறுந்தால் மிச்சம் ஐந்தும் ஒருசேர ஏறிவிடும். அந்தப் பாடலை அத்தோடு நிறுத்த வேண்டியதுதான்.

ஒலி நீடிப்பைப் பற்றிய வாதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நன்றாகச் செய்த ட்ரெமொலோவின் ஒலி போதுமான அளவு நீடிக்கும். சரியாகப் பொருந்தாத நெக்கும் ஆழமாக வெட்டிய நட்டும் (நெக்கின் தலைப்பக்கத்தில் தந்திகள் அமரும் பள்ளங்கள் கொண்ட பட்டை) அதைவிட அதிகமாக ஒலியைக் குடிக்கும். உங்கள் முடிவு இடக்கை என்ன செய்கிறது என்பதைப் பொறுத்து அமையட்டும்.

பாலைப்பண் எழுதியது:

அண்ணன் விளக்கிய இயக்கம் முற்றிலும் சரி. ஆனால் அது மிதக்கவிட்ட ட்ரெமொலோவுக்கு உரியது. ட்ரெமொலோவை உடலின் மேல் படிய வைத்தும் அமைக்கலாம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் முடிவு மாறக்கூடும்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-இல் வந்தபோது அதிலிருந்த பிரிட்ஜ், முன்னோரத்தில் ஆறு திருகுகளின்மேல் ஊசலாடும் தட்டு. அதன் அடியில் கனமான எஃகு பிளாக். அந்தப் பிளாக்கில் கொக்கியிட்ட ஸ்பிரிங்குகள். அதற்கு முன்பு ஃபெண்டர் பட்டறையில் செய்து பார்த்த ட்ரெமொலோவில் ஒலி மெலிந்து விரைவில் அடங்கிவிட்டதால் அதைக் கைவிட்டு, போதிய கனம் சேர்த்து இந்த வடிவத்துக்கு வந்தார்கள். ஆகவே ட்ரெமொலோ என்றாலே ஒலி குறையும் என்பவர்கள் அந்தப் பிளாக்கின் கனத்தைக் கவனிக்க வேண்டும். மலிவான பிரிட்ஜ்களில் துத்தநாகக் கலவையில் வார்த்த மெல்லிய பிளாக்கைப் பொருத்துகிறார்கள். வாங்கும்போது முழு நீள எஃகு பிளாக்தானா என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் உடல் 45 மில்லிமீட்டர் கனம் என்பதால் முழு நீளமும் தடையின்றி அமரும்.

இந்தப் பிரிட்ஜை மூன்று நிலைகளில் வைக்கலாம். தட்டின் பின்னோரம் உடலிலிருந்து ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்க மிதக்கவிடுவது ஒன்று. கையை மேலே இழுத்தும் சுருதியை ஏற்றலாம். ஜெஃப் பெக் போன்ற கிட்டார் கலைஞர்கள் பாடலின் மெட்டையே ட்ரெமொலோக் கையால் இசைத்தது இந்த நிலையில்தான். மரக்கட்டையைச் செருகி அசையாமல் அடைத்துவிடுவது இன்னொன்று. எரிக் கிளாப்டன் தம்முடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் இப்படித்தான் வைத்துக்கொண்டார். இவை இரண்டுக்கும் இடையில், ஸ்பிரிங் கொக்கியை இறுக்கித் தட்டை உடலின் மேல் படிய வைப்பது மூன்றாவது. கையை அழுத்தினால் சுருதி இறங்கும், விட்டால் தட்டு மரத்தில் வந்து மோதி முன்பிருந்த இடத்திலேயே நிற்கும். தென்கடல் விரும்புகிற, சுவரத்தின் முடிவில் எழும் மெல்லிய அசைவுக்கு இது போதும். மேலே இழுத்து ஏற்ற முடியாது என்பது மட்டுமே இழப்பு.

படிய வைத்த நிலையில் தந்தியை இழுத்தாலும் சட்ஜம் இறங்காது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஸ்பிரிங்குகளின் இழுவை, தந்தியை இழுக்கும்போது கூடுகிற விசையையும் வெல்ல வேண்டும். அதைக் கண்டறிய எளிய சோதனை இருக்கிறது. தட்டின் பின்னோரத்துக்கும் மரத்துக்கும் இடையே ஒரு காகிதத் துண்டை வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வாசிப்பதிலேயே அதிக அளவு இழுக்கும் கமகத்தைப் பிடித்தபடி, காகிதத்தை மற்றொருவரை உருவச் சொல்லுங்கள். உருவ முடிந்தால் தட்டு எழும்புகிறது என்று பொருள். கொக்கியின் இரு திருகுகளையும் சமமாக அரைச்சுற்று இறுக்கி மறுபடி பாருங்கள். மூன்று ஸ்பிரிங் போதாவிட்டால் நான்கு, ஐந்து என்று கூட்டலாம். எண்ணிக்கை கூடக் கூடக் கை கனமாகும் என்பதை மறைக்கவில்லை.

சுருதியை இறக்கிவைப்பதற்கும் இதே நிலை உதவும். இழுவிசை குறைந்தாலும் தட்டு இன்னும் அழுத்தமாகப் படியுமே தவிர, பின்னால் சாயாது. தந்தி அறுந்தாலும் அப்படித்தான்.

ட்ரெமொலோவில் சுருதி நிற்காது என்ற புகாரில் பெரும்பங்கு நட்டைச் சேர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கையை அழுத்தும்போது தந்தி நட்டின் பள்ளத்தில் முன்னும் பின்னும் நழுவுகிறது. பள்ளம் இறுக்கமாக இருந்தால் நழுவிய தந்தி பழைய இடத்துக்குத் திரும்பாமல் சிக்கி நிற்கும். சுருதி கூட்டும்போது நட்டிலிருந்து 'டிக்' என்று ஒலி வந்தால் அந்தத் தந்தி சிக்குகிறது. பள்ளத்தைத் தந்தியின் கனத்தைவிடச் சற்றே அகலமாக அரவி, பென்சில் கரியைத் தேய்த்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். தலைப்பகுதியில் முளையைச் சுற்றித் தந்தியைப் பல சுற்று சுற்றுவதும் தளர்வுக்கு இடம் கொடுக்கும். தந்தியைப் பூட்டிப் பிடிக்கும் முறுக்காணி (இதையும் ட்யூனர் என்பார்கள்) போட்டால் ஒரு சுற்றுகூடத் தேவைப்படாது.

தென்கடல், கை பிடிக்கும் என்று நீங்களே எழுதியிருக்கும்போது அதற்கான இடத்தை உடலில் குடைந்து வையுங்கள் என்பேன். குடைந்த உடலில் ட்ரெமொலோவை எப்போது வேண்டுமானாலும் அடைத்துவிடலாம். நிலையான பிரிட்ஜுக்காகக் கட்டி வண்ணம் பூசிய உடலில் பின்னாளில் குழி குடைவதைப் போன்ற வேதனை வேறில்லை.

இழைப்புளி எழுதியது:

இருவரும் வாசிப்பைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டீர்கள். நான் மரத்தின் பக்கம் நின்று பேசுகிறேன்.

மலைவேம்பு எடை குறைந்த, மென்மையான மரம். கிட்டாரின் எடைக்கு அது நல்லது. ஆனால் ட்ரெமொலோவின் ஊசலாட்டம் முழுவதையும் சில திருகுகளோ இரண்டு தாங்கு முளைகளோதான் சுமக்கின்றன. இரண்டு முளை கொண்ட வகையில், மரத்தில் அடித்து இறக்கிய உறைகள் இரண்டின்மேல் மொத்த இழுவையும் விழும். மென்மையான மரத்தில் அந்த உறைகள் காலப்போக்கில் முன்பக்கம் சாயும். சாய்ந்தபின் இன்டொனேஷனும் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருப்பது) போகும், கையை விட்டால் பிரிட்ஜ் திரும்பி வரும் இடமும் நிலைக்காது. ஆறு திருகு வகையில் திருகுத் துளைகள் நீள்வட்டமாகத் தேயும். ட்ரெமொலோதான் வேண்டும் என்று முடிவெடுத்தால், பிரிட்ஜின் முன்னோரம் அமரும் இடத்தில் தேக்கைவிடக் கடினமான ஈட்டி அல்லது வேங்கைத் துண்டு ஒன்றை உடலுக்குள் பதித்து ஒட்டி, அதன்மேல் துளையிடுங்கள். மரத்தின் கடினத்தை அறிய, அறுத்து எறிந்த துண்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்தால் பதிகட்டை இல்லாமல் இறங்க வேண்டாம்.

தந்தி உடலின் ஊடாகச் சென்று பின்பக்கம் ஃபெருல் என்ற சிறு உலோக உறையில் நிற்கும், ஹார்ட்டெயில் எனப்படும் நிலையான பிரிட்ஜ் வகையில் இந்தக் கவலை மிகவும் குறைவு. தந்தியின் முனையை ஃபெருல் பிடித்துக்கொள்கிறது. தந்தி கீழிருந்து மேலே வந்து, பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சிறு துண்டான சேடிலில் வளைவதால், அது தட்டை மரத்தோடு சேர்த்து அழுத்துகிறது. தட்டின் திருகுகளைப் பிடுங்கும் விசை இல்லை.

குடைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ட்ரெமொலோவுக்கு மேலே ஒரு பிளவு, பின்னால் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் ஆழத்தில் ஸ்பிரிங் குழி, பிளாக் ஊசலாட ஊடுருவும் வெளி என்று மூன்று வெட்டுகள். மூன்றும் நடுக்கோட்டில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். கொக்கியின் இரண்டு நீளத் திருகுகளுக்கு, குழியின் சுவரில் படுக்கை வாட்டமாக, நீண்ட டிரில் பிட் கொண்டுதான் துளையிட முடியும். டெம்ப்ளேட்டும் பொறுமையும் இருந்தால் முதல்முறை கட்டுபவரும் செய்யலாம். ஒரே ஓட்டத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் இறக்காதீர்கள். மலைவேம்பின் நார் விளிம்பில் பிய்த்துக்கொண்டு வரும்.

ஃபிளாய்ட் ரோஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1979-இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பு, தந்தியை நட்டிலும் பிரிட்ஜிலும் பூட்டி, நழுவ இடமில்லாமல் செய்துவிடுகிறது. கையை அடிவரை அழுத்தி விட்டாலும் சுருதி திரும்பி வருவது அதனால்தான். ஆனால் தந்தியை இழுத்தால் மற்றவை இறங்குகிற குறை அதிலும் அப்படியே இருக்கிறது, ஏனெனில் அதுவும் வழக்கமாக மிதப்பதே. பாடகருக்காகச் சுருதியை மாற்ற வேண்டுமானால் ஆலன் கீயால் நட்டின் பூட்டுகளைத் திறந்து, எல்லாவற்றையும் சமன் செய்து மறுபடி பூட்ட வேண்டும். நெக்கின் நட்டு இருக்கும் இடத்தையும் அதற்கென வெட்ட வேண்டும். உங்கள் வாசிப்புக்கு அது சற்றும் ஏற்றதல்ல.

கடலோரத்தில் இருக்கிறீர்கள் என்பதால் ஒன்று. உப்புக் காற்று ஸ்பிரிங்கையும், தட்டு ஊசலாடும் கத்தி விளிம்பையும், சேடிலின் சிறு திருகுகளையும் விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். நிலையான பிரிட்ஜில் துரு ஏறினால் பார்வைக்குத்தான் கேடு, சேடில் திருகு மட்டும் இறுகும். ட்ரெமொலோவில் கத்தி விளிம்பு துருவேறினால் சுருதியே போய்விடும். எதை வாங்கினாலும் சேடிலும் திருகும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

தென்கடல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நண்பரின் கிட்டாரை வாங்கி அண்ணன் சொன்ன சோதனையைச் செய்தேன். ட்யூனரைப் பார்க்கத் தேவையே இல்லாமல் சட்ஜம் இறங்குவது காதுக்கே தெரிந்தது. பிறகு அதே கிட்டாரில் கொக்கியை இறுக்கித் தட்டைப் படிய வைத்துக் காகிதச் சோதனையும் செய்தோம். மூன்று ஃப்ரெட் அளவு இழுக்கும் கமகத்திலும் காகிதம் அசையாத அளவுக்கு இறுக்கியபின், கை எனக்கு மிகவும் கனமாகத் தோன்றியது. நான் விரும்பிய மென்மையான அசைவு அதில் வரவில்லை. இரண்டையும் ஒரே கருவியில் பெற முயன்றால் இரண்டிலும் குறைவு ஏற்படுமோ என்று தோன்றுகிறது.

ஆகவே இந்த உடலுக்கு ஹார்ட்டெயில் என்று முடிவு செய்திருக்கிறேன். கை அசைவுக்காக ட்ரெமொலோவோடு இன்னொரு கிட்டாரைப் பின்னால், கடினமான மரத்தில் கட்டிக்கொள்ளலாம். இப்போது இரண்டு ஐயங்கள். கடையில் தந்தி இடைவெளி 52.5 மில்லிமீட்டர், 56 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவில் தட்டுகள் இருக்கின்றன, எதை எடுப்பது? பின்பக்கம் ஃபெருல் துளைகள் ஆறும் வரிசை பிசகாமல் வர என்ன வழி? நான் பார்த்த கட்டுமானப் படங்கள் பலவற்றில் அந்த வரிசை கோணலாகத்தான் இருந்தது.

பட்டறைக்காரன் எழுதியது:

நல்ல முடிவு, தம்பி. 52.5 எடுங்கள். உங்கள் நெக்கின் அடிப்பகுதி 56 மில்லிமீட்டர் அகலம் உள்ள வழக்கமான வகையாக இருந்தால், 52.5 இடைவெளியில் முதல் தந்திக்கும் விரல்பலகை விளிம்புக்கும் இடையே கூடுதல் இடம் கிடைக்கும். முதல் தந்தியில் கமகம் பிடிக்கும்போது அது விளிம்பைத் தாண்டி நழுவாது. 56 பழைய அளவு. அதில் வாசித்துப் பழகியவர்களுக்குக் குறையில்லை, இழுத்து வாசிக்கிற உங்களுக்கு மற்றதே வசதி.

துளையிடுவதற்கு முன் தட்டின் இடத்தை நிறுத்துங்கள். நெக்கைப் பள்ளத்தில் வைத்துத் திருகி முடித்த பிறகே இதைச் செய்ய வேண்டும். முதல் தந்தியின் சேடிலை முன்னோக்கி நகர்த்தி, மேலும் இரண்டு மில்லிமீட்டர் முன்னே செல்ல இடம் விட்டு நிறுத்துங்கள். நட்டின் முன்விளிம்பிலிருந்து அந்தச் சேடில் சரியாக 648 மில்லிமீட்டரில் வரும்படி தட்டை வையுங்கள். இன்டொனேஷன் சரிசெய்யும்போது சேடில்கள் பின்னோக்கியே போகும். ஆறாம் தந்தியின் சேடில் வழக்கமாக 3 முதல் 5 மில்லிமீட்டர் பின்னால் நிற்கும். அதற்குப் பின்பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தலைப்பகுதியிலுள்ள முதல், ஆறாம் ட்யூனர் முறுக்காணிகளிலிருந்து மெல்லிய நூலை நட்டின் பள்ளம் வழியாகச் சேடில் வரை இழுத்துக் கட்டி, கடைசி ஃப்ரெட்டில் இரு நூலுக்கும் விரல்பலகையின் இரு விளிம்புக்கும் உள்ள இடைவெளி சமமா என்று அளவுகோலால் பாருங்கள். சமமானதும் தட்டை டேப்பால் ஒட்டி, ஊசிமுனையால் ஆறு தந்தித் துளைகளின் மையத்தையும் திருகு இடங்களையும் குத்திவிட்டுத் தட்டை எடுத்துவிடுங்கள்.

வரிசை கோணுவதற்குக் காரணம், மேலிருந்து ஒரே மூச்சில் 45 மில்லிமீட்டரைத் துளைப்பது. 3 மில்லிமீட்டர் பிட் மெல்லியது. மரத்தின் வளையம் கடினமாக இருக்கும் பக்கத்திலிருந்து விலகி, நார் போன போக்கில் சாய்ந்து, பின்பக்கம் வேறோர் இடத்தில் வெளிவரும். எனவே இரு பக்கத்திலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வையுங்கள்.

முதலில் மேலிருந்து ஆறு துளைகளையும் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் இடுங்கள். பிட்டைச் சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட்டு இறக்குங்கள். பிறகு டிரில் பிரஸ்ஸின் மேசைமேல் ஒரு தட்டைப் பலகையைக் கிளாம்ப்பால் அசையாமல் பிணைத்து, அதே 3 மில்லிமீட்டர் பிட்டால் அதில் ஒரு துளை போட்டு, அந்தத் துளையில் 3 மில்லிமீட்டர் கம்பித் துண்டு ஒன்றை நட்டு, 5 மில்லிமீட்டர் மேலே நீட்டி நிற்க விடுங்கள். இப்போது பிட்டின் முனைக்கு நேர் கீழே அந்தக் கம்பி நிற்கிறது. உடலைக் கவிழ்த்து, மேற்பக்கத்துத் துளை கம்பியில் உட்காரும்படி வைத்தால், நீங்கள் பின்பக்கத்தில் துளைக்கும் இடம் தானாகவே அந்தத் துளைக்கு நேராக வந்துவிடும். ஃபெருலுக்குரிய அகலமான துளையை ஆறு இடத்திலும் முதலில் போட்டுவிட்டு, அதன்பின் பிட்டை மாற்றி 3 மில்லிமீட்டர் துளைகளை இறக்குங்கள். பிட்டை மாற்றும்போது மேசையை உயர்த்தவோ தாழ்த்தவோ கூடாது. வட்டத் தூண் கொண்ட டிரில் பிரஸ்ஸில் மேசையின் உயரத்தை மாற்றினால் அது பக்கவாட்டிலும் சற்றுத் திரும்பிவிடும். கம்பியும் பிட்டும் நேர்கோட்டை விட்டு விலகிவிடும். இரண்டு பிட்டின் நீளத்தையும் முன்பே பார்த்து, மேசையை அதற்கு ஏற்ற உயரத்தில் முதலிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃபெருலின் வெளிவிட்டத்தைக் கேலிப்பரால் அளந்து, அந்த அளவுத் துளையை வீண் துண்டில் போட்டுப் பாருங்கள். கையால் அழுத்தினால் பாதி போய், கிளாம்ப்பால் மெல்ல அழுத்தினால் முழுதும் இறங்க வேண்டும். வார்னிஷ் அல்லது பெயின்ட் உள்ளே படிந்தால் துளை சுருங்கும். எனவே பூச்சு முழுவதும் காய்ந்த பிறகு துளையின் வாயைச் சுரண்டிவிட்டு ஃபெருலை இறக்குங்கள். சுத்தியலால் அடித்தால் மலைவேம்பில் பூச்சு வெடித்துவிடும்.

கடைசியாக, எர்த் கம்பி. ட்ரெமொலோவாக இருந்தால் ஸ்பிரிங் கொக்கியில் ஈயப்பற்று வைத்திருப்பீர்கள். ஹார்ட்டெயிலில் தட்டின் அடியிலிருந்து கன்ட்ரோல் குழிக்குச் சாய்வாக ஒரு மெல்லிய துளை போட்டு, கம்பியை அதன் வழியே கொண்டுவந்து, முனையில் இரண்டு சென்டிமீட்டர் உறையை உரித்து, இழைகளை விசிறியாக விரித்துத் தட்டின் அடியில் படுக்கவைத்துத் திருகுங்கள். இந்தத் துளையைப் பூச்சுக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. தந்தி மாட்டியதும் மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தந்தியிலும் மற்றொன்றை ஜாக்கின் வெளி உறையிலும் வைத்துப் பாருங்கள். பீப் ஒலி வரவில்லை என்றால் தட்டைக் கழற்றிக் கம்பியின் முனையைப் பாருங்கள். பெரும்பாலும் பூச்சின் துகளோ மரத்தூளோ இடையில் நிற்கும்.